குட்டையின் அடியில் நறநறக்கும் அந்தப் பாசி

பாலக்கோட்டுப் பக்கம் மாந்தோப்பும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் தோப்போரம் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார். முப்பது மீட்டருக்கு இருபது, ஆழம் இரண்டு மீட்டர், ஷீட் விரிக்காத மண் குட்டை. ஐப்பசி மழையில் நிரம்பி, தை பிறந்ததும் தரை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் தரை முழுக்கக் குதிரைவால் மாதிரி ஒரு பாசி. கையில் எடுத்தால் மணல் போல நறநறக்கிறது, பூண்டு நாற்றம் அடிக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் குட்டையில் இது இல்லை, அங்கே தண்ணீரே பச்சையாக இருக்கிறது. “என் தண்ணீர் கெட்டுவிட்டதா? கட்லா, ரோகு குஞ்சு விடலாமென்று இருக்கிறேன், அதற்கு முன் இதை அழிக்க வேண்டுமா? கடையில் மயில்துத்தம் போடச் சொன்னார்கள். இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், எவ்வளவு போடலாம்?”

மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், போடாதீர்கள் தம்பி. தண்ணீர் கெடவில்லை. உங்கள் குட்டை தெளிவாக இருப்பதற்கும் அடியில் அந்தப் பாசி இருப்பதற்கும் சம்பந்தம் உண்டு. தெளிந்த தண்ணீரில்தான் அது வளரும், வளர்ந்தபின் அந்தத் தெளிவைக் காப்பாற்றுவதும் அதுவே. பக்கத்துக் குட்டை ஏன் பச்சை என்ற கேள்விக்கும் பாதி பதில் இதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாசியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர், கவனித்தவர்கள் குறைவு.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது காரா. பதினோராம் வகுப்பில் தாவரவியல் எடுத்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும், பாடத்தில் வரைந்த படமும் மங்கலாக நினைவிருக்கலாம். ஆங்கிலத்தில் ஸ்டோன்வோர்ட் என்பார்கள். தமிழில் சொல்வதானால் கல்பூண்டு. புல் பூண்டு என்கிறோமே, அந்தப் பூண்டு. நாற்றமும் பூண்டாகவே அமைந்துபோனது தற்செயல்தான், ஆனால் பெயர் நன்றாகப் பொருந்துகிறது. மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்கும் கல்பாசியோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மரத்திலும் பாறையிலும் படரும் லைக்கன், வேறு குடும்பம், வேறு கதை.

சரி, காராதானா என்று உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. ஒரு பிடி எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். பச்சை போய்ச் சாம்பல் வெள்ளையாகும். அதைக் கசக்கிப் பொடியாக்கி, மேலே எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட். நன்றாகச் சுண்ணாம்பேறிய காராவில் காய்ந்த எடையில் பாதிக்கும் மேல் சுண்ணாம்பாகவே இருக்கும். நறநறப்பு அதனால்தான்.

பார்க்கச் செடி போலத்தான் இருக்கும். நீள்தண்டு, அதில் கணுக்கள், ஒவ்வொரு கணுவிலும் சுற்றிலும் குச்சிக் குச்சியாகக் கிளைகள். ஆனால் உண்மையான வேர் கிடையாது, இலை கிடையாது, பூ கிடையாது. சேற்றில் ஊன்றியிருப்பது வேர் போன்ற நிறமற்ற இழைகள். இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள தண்டின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு செல். சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே செல்! சில இனங்களில் அதன் மேல் மெல்லிய செல்கள் வரிவரியாகப் போர்த்தியிருக்கும், சிலவற்றில் அந்தப் போர்வை இல்லை. இதன் உறவுக்காரி நைட்டெல்லா. அதில் போர்வையே கிடையாது, கிளை நுனிகள் கவைகவையாகப் பிரியும், பெரும்பாலும் சுண்ணாம்பு ஏறாது, பளிச்சென்ற பச்சையில் கண்ணாடி போல இருக்கும். உங்கள் குட்டையில் இருப்பது நறநறப்பதால் நைட்டெல்லா அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். காராவில் எந்த இனம் என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

லென்ஸ் கிடைத்தால் இன்னொன்றும் பாருங்கள். கிளைகளின் கணுக்களில் கடுகைவிடச் சிறிய ஆரஞ்சு நிற உருண்டைகள் தெரியும். அது ஆண் பகுதி. பக்கத்தில் நீள்வட்டமாக, திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி வரி ஓடியது பெண் பகுதி. அதன் தலையில் குட்டிக் கிரீடம் ஒன்று. காராவில் அந்தக் கிரீடத்துக்கு 5 செல், நைட்டெல்லாவில் 10. எந்தப் பக்கம் என்று குழம்பும்போது இதை எண்ணினால் சண்டை தீர்ந்துவிடும். தென்னிந்தியக் காராக்களைப் பற்றிய அறிவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்குண்டு. எம்.ஓ.பி. ஐயங்கார் அங்கே பாசியியலை வளர்த்தார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1962-இல் காரா வகைகளுக்கென்றே ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டது. அதை எழுதிய நால்வரில் வி.எஸ். சுந்தரலிங்கமும் ஒருவர். வேளாண் கழகம் இதற்கு ஏன் மெனக்கெட்டது என்று கேட்டால், காரா நெல் வயலில் களை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

தருமபுரி மாவட்டத்தில் கிணறு வெட்டியவர்களுக்குச் சுக்கான்கல் தெரியும். மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே வெள்ளையும் பழுப்புமாக முடிச்சு முடிச்சாக வருமே, அது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையையும் சுக்கானையும் மெல்லக் கரைக்கிறது. அந்தத் தண்ணீர் கால்சியமும் பைகார்பனேட்டும் சுமந்து வருகிறது. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டும், சோப்பு நுரைக்காது. காராவுக்கு இந்தக் கடின நீர்தான் விருந்து.

செடி உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். தண்ணீரில் அது தாராளமாகக் கிடைப்பதில்லை, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பல்லாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். கடின நீரில் கரியமிலம் பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. காரா அதை உடைக்க ஒரு வழி வைத்திருக்கிறது. தண்டு நெடுக ஒரு பட்டை அமிலமாக, அடுத்த பட்டை காரமாக, மறுபடி அமிலமாக, இப்படி வளையம் வளையமாகப் பிரித்துக்கொள்கிறது. அமில வளையத்தில் செல் புரோட்டானை, அதாவது அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியை, வெளியே தள்ளும், அங்கே பைகார்பனேட் உடைந்து கரியமில வாயு உள்ளே போகும். கணக்கைச் சரிக்கட்ட அடுத்த வளையத்தில் காரம் ஏறுகிறது, பி.எச். 9-ஐத் தாண்டும். அந்த இடத்தில் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு இன்னும் முழுதாக மூடாத இளந்தண்டில் வெள்ளை வளையங்கள் தனித்தனியாகத் தெரிவதுகூட இதனால்தான். சாப்பிட்ட மிச்சத்தைத் தன் மேலேயே பூசிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் தண்ணீர் என்றதும் ஃபுளோரைடு நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததன் முக்கியக் காரணமே அதுதான். காரா வளர்ந்திருப்பதை வைத்து ஃபுளோரைடு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. வேதியியல் ரீதியாக ஒரு சுவாரசியம் உண்டு. கால்சியம் நிறைய உள்ள நீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்காது, இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். அதனால் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்து சோடியம் கூடியதாக இருக்கும். அதற்காகச் சுண்ணாம்பேறிய பாசியைப் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகாதீர்கள். உங்கள் குட்டையில் இருப்பது மழைநீரும் ஓடி வந்த நீரும். குடிக்கிற போர் தண்ணீரைத் தனியாகச் சோதனைக்குக் கொடுப்பதே முறை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

இனி, தெளிவுக்கு வருவோம். பாசி எப்படித் தண்ணீரைத் தெளிவாக வைக்கிறது?

முதலில், சேற்றைப் பிடித்து வைக்கிறது. தரை முழுக்க ஜமக்காளம் விரித்த மாதிரி படர்ந்திருப்பதால் காற்றடித்தாலும் அடிமண் கிளம்பாது. மிதந்து வரும் தூசு அதன் கிளைகளில் சிக்கி அமர்ந்துவிடும். அப்புறம், நீர்த்தெள்ளுக்கு வீடு கொடுக்கிறது. நீர்த்தெள்ளு என்பது தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போகும் ஊசிமுனை அளவு உயிர், தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பதுதான் அதன் வேலை. திறந்த தண்ணீரில் மீன் குஞ்சு அதை விட்டுவைக்காது. காராக் காட்டுக்குள் பகலில் ஒளிந்திருந்து இரவில் மேயும். இதோடு, படியும் சுண்ணாம்பு கொஞ்சம் பாஸ்பரஸையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்கிறது. நுண்பாசிக்கு வர வேண்டிய உரம் அங்கேயே பூட்டப்படுகிறது.

பூண்டு நாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது ஒரு கட்சி. காராவிலிருந்து கந்தகச் சேர்மங்களை 1980 வாக்கில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். சோதனைக்கூடத்தில் அவை நுண்பாசியின் வளர்ச்சியை அமுக்குகின்றன. ஆனால் உண்மையான ஏரியில், அவ்வளவு தண்ணீரில் கரைந்தபின், அந்த அளவு போதுமா என்பதில் இன்னும் வாதம் உண்டு. என்னைக் கேட்டால் சேற்றைப் பிடிப்பதும் தெள்ளுக்கு இடம் தருவதும்தான் பெரிய காரியம், நாற்றம் உபரி.

இதற்கு உலகறிந்த உதாரணம் நெதர்லாந்தில் இருக்கிறது. வெலூவெமேர் என்று ஆழமில்லாத ஒரு ஏரி. 1960-களின் கடைசியில் கழிவுநீர் சேர்ந்து பாஸ்பரஸ் ஏறியதும் அங்கிருந்த காராப் படுகைகள் மறைந்தன, தண்ணீர் பச்சைக் குழம்பாயிற்று. 1979 முதல் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். உடனே தெளிந்துவிடவில்லை. அடியைக் கிளறித் தின்னும் பிரீம் என்ற மீனைப் பிடித்துக் குறைத்தபின் 1990-களில்தான் காரா பரவி ஏரி தெளிந்தது. அந்த நாட்களில் வானத்திலிருந்து எடுத்த படங்களில் ஒரே ஏரிக்குள் காரா இருந்த இடம் தெளிவாகவும், அதை ஒட்டி அது இல்லாத இடம் கலங்கலாகவும், நடுவே கோடு போட்ட மாதிரி எல்லையும் தெரிந்தது. உங்கள் குட்டையும் பக்கத்துக் குட்டையும் அந்தப் படத்தின் சின்ன நகல்.

பக்கத்துக் குட்டை பச்சையானது எதனால்? நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் கணக்குப் போட்டுக் காட்டலாம். கர்ட் ஃபோர்ஸ்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் 1964-இல், லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் போனால் காரா தாங்காது என்றார். பாஸ்பரஸே அதற்கு நஞ்சு என்று அப்போது நினைத்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அது நஞ்சல்ல என்று தெரிந்தது. பாஸ்பரஸ் ஏறினால் நுண்பாசி பெருகும், தண்ணீர் பச்சையாகும், அடிக்கு வெளிச்சம் போகாது, காரா இருட்டில் செத்துப்போகும். இதுதான் வழி. உங்கள் குட்டை அளவுக்கு நீர் 1,200 கன மீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 24 கிராம் பாஸ்பரஸ். டிஏபி உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஆக, 120 கிராம் டிஏபி போதும். ஒரு டம்ளர்கூட நிறையாது. போட்டதெல்லாம் தண்ணீரிலேயே நிற்காது, சேறு கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்பது வேறு. இருந்தாலும் தக்காளிக் காட்டிலிருந்து ஒரு மழைக்கு ஓடி வரும் உரமும், மாட்டுக்கொட்டகை வாய்க்காலும் ஒரு குட்டையை மாற்றிவிடப் போதுமானவை என்பது புரியும். கேளுங்கள், அவர் குட்டைக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று.

பெரிய நீர்நிலைகளிலும் இதே கதைதான். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்க வரும் செய்தியைப் பார்க்கிறோம். பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்து வரும் அப்படிப்பட்ட நீரில் காராவைத் தேடுவது வீண். அதற்கு நேர்மாறாக, கிருஷ்ணகிரிப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறதே, அங்கே உரம் வந்து சேர வழியில்லை, தண்ணீர் நீலமாகத் தெளிந்திருக்கும். கல்பூண்டு வகைகள் புதிதாக வெட்டிய பள்ளங்களில் முதலில் குடியேறும் கூட்டம், மற்ற நீர்ச்செடிகள் வந்து நெருக்கும்வரை அவற்றின் ராஜ்யம். கிரானைட் பாறைமேல் நிற்கும் மென்னீரில் காராவைவிட நைட்டெல்லாவுக்கு வாய்ப்பு அதிகம். பார்க்க ஆசைப்பட்டு யாரும் குவாரிக்குள் இறங்க வேண்டாம். செங்குத்துச் சுவர், ஆழம் தெரியாது, ஏற வழியிருக்காது. கரையில் நின்று நீளக் கயிற்றில் சின்ன முள்கொக்கியைக் கட்டி வீசினால் வேண்டியது வந்துவிடும்.

புதிதாக வெட்டிய உங்கள் குட்டைக்கு இது எப்படி வந்தது என்று யோசித்திருப்பீர்கள். யாரும் விதைக்கவில்லை. கருவுற்றபின் அந்தத் திருகாணி உருண்டை கெட்டியான கறுப்பு வித்தாக மாறுகிறது, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சேற்றில் புதைந்து, வெயிலில் காய்ந்து, பல வருஷம் கழித்தும் முளைக்கும். நாமக்கோழியும் வாத்தும் காராவை விரும்பித் தின்னும், வித்து அவற்றின் வயிற்றில் செரிக்காமல் அடுத்த குட்டையில் போய் விழும். மாட்டின் குளம்புச் சேற்றிலும் வரும். இன்னொரு வழி நாமே செய்வது. ஏரி தூர்வாரி வண்டல் மண்ணை வயலுக்கும் தோப்புக்கும் அடிக்கிறோம். அந்த வண்டலில் வித்துகள் இருந்தால் அவையும் லாரியில் ஏறி வரும். பழைய ஏரி வண்டல் அடித்த வருஷம் நெல்லில் திடீரென்று இந்தப் பாசி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நெல் என்று வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். நெல் வயலில், குறிப்பாக நடவு முடிந்து நாற்று இன்னும் மூடாத வாரங்களில், காரா உண்மையிலேயே தொல்லை. அதிலும் போர்வையில்லாத காரா பிரௌனி என்ற இனம் நெல் வயலுக்குப் பேர்போனது. இளம் பயிரோடு உரத்துக்குப் போட்டி போடும், நாற்றைச் சாய்க்கும். தழைக்களைக்கு அடிக்கும் 2,4-டி இதன் மேல் எடுபடாது, ஏனென்றால் இது பாசி. தாமிரத்துக்குத்தான் கட்டுப்படும். அதனால்தான் வாய்க்கால் மடையில் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டிப் போடும் பழக்கம். ஆனால் வயலில் ஒரு நாலைந்து நாள் தண்ணீரை வடித்து மண் வெடிக்காத அளவுக்குக் காயவிட்டால் பெரும்பாலும் போதும், தாமிரம் தேவையில்லை. அந்தச் சேற்றில் வித்து மிச்சமிருக்கும், அடுத்த போகத்தில் மறுபடி தலைகாட்டும். அதற்கும் அதே வைத்தியம்.

குட்டைக்கு மயில்துத்தம் ஏன் வேண்டாம்? கடின நீரில் தாமிரத்தில் பெரும்பகுதி கார்பனேட்டோடு சேர்ந்து சேற்றில் படிந்துவிடும், ஆகவே வேலை செய்ய வேண்டுமென்றால் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். சேற்றில் படிந்த தாமிரம் எங்கேயும் போகாது. மீனுக்கும் நத்தைக்கும் நீர்த்தெள்ளுக்கும் அது விஷம். இதெல்லாம் போக, தரை முழுக்க இருக்கும் பாசி ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் வற்றிவிடும். அழுகலில் இருந்து வெளியேறும் உரம் நுண்பாசிக்குச் சாப்பாடு. ஒரு மாதத்தில் உங்கள் குட்டையும் பக்கத்துக் குட்டை மாதிரி ஆகும். அதிலும் நீலப்பச்சைப் பாசி பெருகி, கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி ஆடை கட்டினால் அதை மாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலப்பச்சைப் பாசிகளில் சில கல்லீரலைத் தாக்கும் நஞ்சு சுரப்பவை. காராவால் மாட்டுக்கு ஆபத்தில்லை.

மீன் விஷயத்தில் நேராகச் சொல்கிறேன். கட்லா, ரோகு வேகமாகப் பெருக்கச் சாணம் கரைத்து, தீவனம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குவதுதான் வழக்கமான முறை. அந்தப் பச்சையில் காரா நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நீங்கள் குட்டை வெட்டியது மாந்தோப்புச் சொட்டு நீருக்கு என்றால், தெளிந்த தண்ணீர் உங்களுக்கு ஃபில்டர் கழுவும் வேலையைக் குறைக்கும். அதைக் கெடுத்துச் சில கிலோ மீனுக்காக மெனக்கெடுவானேன்? ஆசைக்குக் கொஞ்சம் கட்லா விடுங்கள், சாணம் வேண்டாம், தீவனம் வேண்டாம். சாதா கெண்டை விடாதீர்கள், அது பிரீம் மீன் செய்த வேலையைச் செய்யும், அடியைக் கிளறிக் கலக்கிவிடும். புல்கெண்டை விட்டால் காராவை ஆசையாகத் தின்று தீர்க்கும். தீர்ந்தபின் அது கழித்ததெல்லாம் உரமாகித் தண்ணீர் பச்சையாகும். மீன்தான் முக்கியம் என்றால் இன்னொரு குட்டை வெட்டுங்கள், அதில் பச்சையாகவே வளர்க்கலாம்.

பாசி ரொம்ப அடர்ந்து மோட்டார் ஃபுட்வால்வில் சுற்றுகிறது என்றால் மருந்து வேண்டாம், கை போதும். நீளப் பிடி போட்ட வாருகோலால் ஓரமாகப் பாதை பாதையாக இழுத்துக் கரையேற்றுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். ஃபுட்வால்வைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். எடுத்ததைக் கரையிலேயே ஒரு நாள் குவித்து வைத்தால் அதில் ஒளிந்திருக்கும் பூச்சியும் குட்டி நத்தையும் தண்ணீருக்குத் திரும்பிவிடும். பிறகு எருக்குழியில் போடலாம். சுண்ணாம்பு நிறைய இருப்பதால் செம்மண் நிலத்துக்கு நல்லது. ஏற்கெனவே களர் ஏறிய நிலமென்றால் அங்கே கொட்டாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு. நல்ல வெயிலில் காரா மும்முரமாக வேலை செய்யும் மதியத்தில் குட்டை நீரின் காரத்தன்மை ஏறிவிடும், பி.எச். 9, அதற்கும் மேலே. மாலத்தியான் போன்ற சில மருந்துகள் அந்தத் தண்ணீரில் வேகமாகச் சிதையும். கலக்குவதென்றால் விடியற்காலைத் தண்ணீரை எடுங்கள், இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர்.

கொசுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து சொல்வார்கள், காரா இருந்தால் கொசுப்புழு வராது என்று. 1919-இல் ஸ்பெயின் நாட்டுத் தாவரவியலாளர் கபலேரோ தொடங்கிவைத்த பேச்சு அது. பின்னால் பல நாடுகளில் சோதித்தார்கள், ஓரிடத்தில் ஆமாம், இன்னோரிடத்தில் இல்லை. அதை நம்பித் தொட்டியைத் திறந்து வைக்க வேண்டாம்.

பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பள்ளியில் மைக்ராஸ்கோப் இருந்தால், ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் காரா கொடுத்தனுப்புங்கள். போர்வையில்லாத இனமோ நைட்டெல்லாவோ கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த ஒற்றைச் செல்லுக்குள் பச்சைக் குழம்பு ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே என்று சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு 4, 5 மில்லிமீட்டர் வேகத்தில். 1774-இல் இத்தாலியின் பொனவெஞ்சுரா கோர்ட்டி முதலில் பார்த்தது இதைத்தான். தொட்டாலோ லேசாக மின்சாரம் பட்டாலோ ஓட்டம் சட்டென்று நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். நம் நரம்பில் ஓடுவது போன்ற மின்துடிப்பு இதிலும் ஓடுகிறது, மெதுவாக. கோல், கர்ட்டிஸ் என்ற இருவர் 1938-இல் நைட்டெல்லாவில் அதை அளந்தார்கள், அடுத்த வருஷம் அதே முறையில் கணவாய் மீனின் நரம்பில் அளந்தார்கள். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று நாம் அறிந்துகொண்ட பாதையில் குட்டைப் பாசியும் ஒரு படி. இதன் முன்னோர்களின் வித்துகள் 40 கோடி வருஷத்துக்கும் முந்திய பாறைகளில் கல்லாகக் கிடைக்கின்றன. நிலத்துச் செடிகளுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் காரா பிரௌனியின் மரபணுத் தொகுதியை 2018-இல் படித்து வெளியிட்டார்கள். நெல் வயல் களைக்குக் கிடைத்த மரியாதை.

இந்த வருஷம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குட்டைக்குள் வரும் வரப்பு மடையைப் பாருங்கள், உரம் போட்ட காட்டுத் தண்ணீர் நேராக விழாமல் ஒரு புல்தரை வழியாக வரட்டும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மாதம் ஒருமுறை இறக்குங்கள், எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்து வையுங்கள். அடி வரைக்கும் தெரிந்தால் கவலையில்லை. நாளுக்கு நாள் மேலேயே மறைய ஆரம்பித்தால் எங்கிருந்தோ உரம் வருகிறது என்று பொருள். சித்திரையில் குட்டை வற்றிப் பாசி வெள்ளையாகக் காய்ந்து கிடந்தாலும் பயப்பட வேண்டாம், அடுத்த ஐப்பசிக்குப் பின் வரும்.

வாங்கி வைத்த இரண்டு கிலோ மயில்துத்தத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றால், வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மட்டும் கூட வாங்கினால் மாமரத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையாகும். கவாத்து செய்த வெட்டுவாயிலும், தண்டில் பிசின் வடியும் இடத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேலும் பூசுங்கள். கலக்குவதற்கு இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரைக் குட்டைப் பக்கம் கொட்டாதீர்கள்.